பஞ்சை அமுக்கின கதை

'பஞ்சுப் பொதியாட்டம் இருக்கான்'னு யாரையாவது சொன்னா, ஆள் மெத்து மெத்துன்னு இருக்கிறார்னு அர்த்தம். இந்த உவமையைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் ஜின்னிங் பேக்டரிப் பக்கம் போயிருக்க மாட்டார். அங்கே அடுக்கி வெச்சிருக்கிற பேல் மேலே முழங்கையை ஒரு இடி இடிச்சுப் பாருங்க. செவுத்துல இடிச்சாப்பல இருக்கும். அத்தனையும் பஞ்சுதான். தலைகாணிக்குள்ள போனா அமுங்குற அதே சாதி சமாச்சாரம்தான் (தலைகாணியில இருக்கிறது பெரும்பாலும் இலவம்பஞ்சு, அது வேற மரம், வேற கதை).

கோயமுத்தூர்னா மில்லு, மில்லுன்னா பஞ்சு, 1888-ல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பிச்ச மில், 1930-களின் தொடக்கத்தில் வந்த பைகாரா கரண்ட்டு, அப்புறம் வரிசையா முளைச்ச மில்கள். இந்தக் கதையை நம்மாளுங்க நிறையப் பேர் நல்லாவே எழுதியாச்சு. ஆனா செடியிலிருந்து மில்லுக்கு நடுவில ஒரு வேலை இருக்கே, பஞ்சை அமுக்கிக் கட்டுறது, அதைப் பத்தி யாரும் பேசுறதேயில்லை. 'கட்டி அனுப்பினார்கள்' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிடறாங்க. அந்த ஒரு வரிக்குள்ளேதான் பாதிச் சரித்திரம் இருக்குதுங்க. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு கணக்கு. இன்னிக்கு நம்ம நாட்டுல ஒரு பேல்னா 170 கிலோ. நல்லா அமுக்கினது கன மீட்டருக்கு 450 கிலோவை ஒட்டி வரும். அதாவது 170 கிலோப் பஞ்சும் ஒரு கன மீட்டரில் பாதிக்கும் குறைவான இடத்துல அடங்கிடும். பஞ்சு இழை எதனால் ஆனதுன்னா செல்லுலோஸ். காத்து கொஞ்சமும் இல்லாம செல்லுலோஸை மட்டும் ஒரு கன மீட்டர் நிரப்பினா 1540 கிலோ வரும். இப்ப வகுத்துப் பாருங்க. செவுரு மாதிரி இருக்கிற அந்த பேலுக்குள்ள, இழை அடைச்சிருக்கிற இடம் நூத்துக்கு முப்பது கூட இல்லை. மீதி எழுபதும் காத்து! இவ்வளவு அமுக்கியும், எட்டு பத்து இரும்புக் கம்பி போட்டு இறுக்கியும், இன்னும் மூணில் ரெண்டு பங்குக்கு மேல வெறும் காத்துதான்.

ஏன் அதுக்கு மேல போகமாட்டேங்குது?

கோலிக்குண்டை ஒரு டப்பாவில கொட்டிக் குலுக்கினா ஒரு கட்டத்துக்கு மேல இறங்காது. நூத்துக்கு 64 பங்கு இடம் நிரம்பினதும் எல்லாக் குண்டும் ஒண்ணை ஒண்ணு முட்டுக் கொடுத்து நின்னுடும். பூட்டிக்கிச்சுன்னு வெச்சுக்குங்க. அதுக்கு மேல அமுக்கணும்னா குண்டு நசுங்கணும். மெதுவான பொருளா இருந்தா நசுங்கும். 1727-ல் ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு பாதிரியார் இங்கிலாந்தில் பட்டாணியை இரும்புச் சட்டியில போட்டு, தண்ணி விட்டு, மேலே எடையை வெச்சு அமுக்கினார். ஊறி உப்பின பட்டாணி, இருந்த சந்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு, உருண்டையா இருந்தது பட்டை பட்டையா ஆயிடுச்சு. சந்தே இல்லாம அடைஞ்சு போச்சு. (பாதிரியாருக்கு வேற வேலை இல்லையான்னு கேக்காதீங்க. செடி எப்படித் தண்ணி குடிக்குதுன்னு முறையா அளந்து பார்த்த முதல் ஆட்களில் அவரும் ஒருத்தர்.)

பஞ்சு உருண்டை இல்லை, இழை. ஒரு இழை சுமார் 30 மில்லிமீட்டர் நீளம், தடிமன் 15 மைக்ரான் பக்கம். அதாவது தடிமனைப்போல ரெண்டாயிரம் மடங்கு நீளம். இப்படி நீட்டமா, ஒல்லியா, கோணல்மாணலா இருக்கிற பொருள் பூட்டிக்கிறதுக்கு 64 பங்கெல்லாம் வேண்டியதில்லை. நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கு நிரம்பினாலே போதும், ஒரு இழை பத்து இழையைத் தொட்டுக்கிட்டு நின்னுடும். மூட்டையிலிருந்து ஒரு கை பஞ்சை எடுத்து உதறி வெச்சா அப்படியே கோபுரமா நிக்குதே, அது இதனாலதான்.

அந்தக் கோபுரத்தை அமுக்கும்போது என்ன நடக்குதுன்னு 1946-ல் வான் விக் என்கிற தென்னாப்பிரிக்கக்காரர் எழுதி வெச்சிருக்கார். அவர் எடுத்துக்கிட்டது ஆட்டு ரோமம். கணக்கு பஞ்சுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ரெண்டு இழை தொட்டுக்கிற இடம் ஒவ்வொண்ணும் ஒரு முட்டு. ரெண்டு முட்டுக்கு நடுவில இருக்கிற இழை வளையுது. நீள மூங்கிலை ரெண்டு கல்லு மேல வெச்சு உக்காந்தா நல்லா வளையும், அதே மூங்கிலுக்கு அடிக்கு ஒரு கல்லு வெச்சா அசையாது இல்லையா? அது மாதிரி, அமுக்க அமுக்கத் தொடுற இடம் கூடுது, முட்டுக்கு முட்டு தூரம் குறையுது, இழை விறைச்சுக்குது. முடிவா அவர் சொல்றது: அடைக்கிற இடத்தைப் பாதியாக்கணும்னா, எட்டு மடங்கு பலம் வேணும். இன்னொரு பாதியா? அதுக்கு மேல இன்னொரு எட்டு மடங்கு, ஆக 64.

இந்த எட்டு மடங்கை மனசுல வெச்சுக்குங்க. இனி சரித்திரம்.

1840-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்காவிலிருந்து பத்துப் பருத்தி விவசாயிகளைக் கூலி பேசிக் கூட்டிக்கிட்டு வந்தது. லங்காஷயர் மில்லுக்கெல்லாம் அமெரிக்கப் பஞ்சையே நம்பிக்கிட்டு இருக்கோமே, நாளைக்கு அவன் முறைச்சுக்கிட்டா என்ன பண்றதுங்கிற பயம். (பயம் நியாயமானதுதான். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்து அதே மாதிரிதான் நடந்துச்சு.) அந்தப் பத்துப் பேரில் சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்தாங்க. 1842-லிருந்து கோயமுத்தூர் பருத்திப் பண்ணைகளுக்குப் பொறுப்பா இருந்தவர் ராபர்ட் வைட். படிச்சது வைத்தியம், பேர் வாங்கினது தாவரவியல். ரங்கையா, கோவிந்து என்று இரண்டு நம்மூர் ஓவியர்களை வெச்சு ஆயிரக்கணக்கில் செடிப் படம் வரைஞ்சு புத்தகம் போட்டவர். ஓவியர்கள் பேரையும் சரித்திரத்தில் மிச்சம் வெச்சதுக்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

விதை வந்தது, அமெரிக்க விவசாயி வந்தார், பல்சக்கர ஜின் மெஷின் வந்தது. 1853-ல் வைட் ஊருக்குத் திரும்பிப் போனார். கம்பெனி எதிர்பார்த்த மாதிரி கொங்கு நாடு இன்னொரு மிசிசிப்பி ஆகவில்லை. மழை ஒத்துக்கலை, நம்ம விவசாயிக்குக் கட்டுப்படியாகலைன்னு காரணம் நிறையச் சொல்லுவாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா என் பார்வையில, பஞ்சு அடைச்சுக்கிற இடம்கிற காரணத்துக்கு அதுக்குரிய மதிப்பை யாரும் கொடுக்கலை.

யோசிச்சுப் பாருங்க. ரயில் கிடையாது. கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டர். இல்லாட்டி பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் கரைக்கு இறங்கணும். பொதி மாடு, இல்லைன்னா கட்டை வண்டி. சாக்கை நிக்க வெச்சு, உள்ளே ஒரு ஆள் இறங்கி, காலால மிதி மிதின்னு மிதிச்சு அடைக்கறதுதான் அன்னிக்கு பிரஸ். ஒரு ஆளோட எடை எவ்வளவு பலத்தைக் கொடுக்கும்? வண்டியைப் பார்த்தா மலையாட்டம் ஏத்தியிருக்கும், நிறுத்தா ஒண்ணுமிருக்காது. மாடு இன்னும் இழுக்கும், வண்டியில இடம் இருக்காது. மழை வந்தா அத்தனையும் நனையும், வழியில புழுதி வேற.

கப்பல்ல இதைவிட மோசம். கப்பல்காரன் 'டன்'னு சொல்றது எடை இல்லீங்க, இடம். பொதுவா 40 கன அடி ஒரு டன், ஊருக்கு ஊர் பொருளுக்குப் பொருள் இது மாறும். மெதுவாக் கட்டின பொதியை ஏத்தினா, வியாபாரி காத்துக்கு வாடகை கொடுத்து லிவர்பூல் வரைக்கும் அனுப்புறார்னு அர்த்தம். அதே சமயத்துல அமெரிக்கத் துறைமுகங்களில் என்ன நடந்துச்சு தெரியுமா? நியூ ஆர்லியன்ஸ், மொபில், கால்வெஸ்டன் மாதிரி ஊர்களில் கப்பலின் வயித்துக்குள்ள இறங்கி, திருகு ஜாக்கி போட்டு பேலை பேல் நடுவில் இடிச்சுத் திணிக்கிறதுக்குன்னே தனித் தொழிலாளர்கள் இருந்தாங்க. இனி ஒரு பேலுக்கும் இடமில்லைன்னு பார்க்கும்போது இன்னும் கொஞ்சத்தைச் சொருகுவாங்க. அதுக்கு நல்ல கூலி, நல்ல சங்கம். காத்தை வெளியே தள்ளுற ஒவ்வொரு அங்குலமும் காசு.

1848-ல் லண்டன் பாராளுமன்றத்தில் ஜான் பிரைட் தலைமையில் இந்தியப் பருத்தி பத்தி ஒரு கமிட்டி உக்காந்தது. கமிட்டியோட பேச்சு பெரும்பாலும் ரோடு, வரி, வட்டி. ஏன் ரோடு? பஞ்சு கனமான சரக்கு என்பதால இல்லை. கனமே இல்லாம இடத்தை அடைச்சுக்கிற சரக்கு என்பதாலதான் தூரம் அதுக்கு எமனா இருந்தது.

பள்ளிக்கூடத்துல எலி விட்னி பேரைப் படிச்சிருப்போம். 1793-ல் பல்சக்கர ஜின்னைக் கண்டுபிடிச்ச அமெரிக்கர். அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, 1795-ல், இங்கிலாந்துல ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குப் பேட்டன்ட் வாங்கினார். சின்னக் குழாயில தண்ணியைக் கொஞ்ச பலத்துல அழுத்தினா, பெரிய உருளையில அதே அழுத்தம் பரவிப் பெரிய பலமா வெளிவரும். பாஸ்கல் சொன்ன தத்துவம், மெஷின் ஆக்கினது பிராமா. (திறக்கவே முடியாத பூட்டு ஒண்ணும் செஞ்சு கடை ஜன்னல்ல சவால் விட்டு வெச்சிருந்தார். 1851-ல்தான் ஒரு அமெரிக்கர் வந்து திறந்தார். அதுக்குள்ள பிராமா போய்ச் சேர்ந்துட்டார்.) திருகு பிரஸ்ஸில் எவ்வளவு ஆள் சுத்தினாலும், முதல் பாதிக்கு இறங்கிற பஞ்சு அடுத்த பாதிக்கு எட்டு மடங்கு கேக்கும். மனுசப் பலத்துல ஒரு எல்லைக்கு மேல போக முடியாது. அந்த எல்லையை உடைச்சது தண்ணி பிரஸ்ஸும் நீராவியும்தான். விட்னி பஞ்சைக் கொட்டையிலிருந்து பிரிச்சார். பிராமா பஞ்சைக் காத்திலிருந்து பிரிச்சார். பாடப்புத்தகத்துல ஏன் ஒருத்தருக்கு மட்டும் இடம்னு தெரியலை.

சென்னையிலிருந்து மேற்குக் கரை பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை 1862-ல் போத்தனூர் வழியா முடிஞ்சது. கோயமுத்தூர் டவுனுக்குள்ள ரயில் வர 1873 ஆச்சு, அது போத்தனூர்-மேட்டுப்பாளையம் கிளைப் பாதையில. திருப்பூர் மெயின் லைன்லயே உக்காந்திருந்தது. பல்லடம், அவிநாசி, தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் காட்டுப் பருத்தியெல்லாம் வண்டி கட்டித் திருப்பூருக்கு வந்து சேர்ந்ததுக்கு இதுதான் காரணம். ஸ்டேஷன் பக்கத்துலயே அரைச்சு, அங்கேயே அமுக்கி, வேகன்ல ஏத்திடலாம். பனியன் ஊர் ஆகிறதுக்கு ரொம்ப முந்தியே திருப்பூர் பஞ்சு ஊர். 1905-ஐ ஒட்டி கம்போடியாப் பருத்தி வந்து நம்ம தோட்டத்துக் கிணத்துத் தண்ணியில அமோகமா விளைஞ்சதும், அந்தச் சந்தைக்கு இன்னும் மவுசு கூடிச்சு. வைட் அத்தனை பாடுபட்டும் வேர் பிடிக்காத அமெரிக்கச் சாதிப் பருத்தி, அம்பது வருசம் கழிச்சுக் கம்போடியா வழியாச் சுத்திக்கிட்டு வந்து வேர் பிடிச்சது. ஆமாங்க, கம்போடியாப் பருத்தியோட பூர்வீகமும் அமெரிக்காதான்.

பஞ்சு வியாபாரிங்க இன்னிக்கும் கண்டிக் கணக்குலதான் விலை பேசுவாங்க. கண்டின்னா 784 பவுண்டு, சுமார் 356 கிலோ. பழைய பேல் அதில் சரிபாதி, 392 பவுண்டு. 356-ங்கிற விசித்திர எண்ணைப் பேப்பர்ல பார்த்துக் குழம்பினவங்களுக்காக இதைச் சொல்றேன்.

இதுவரைக்கும் பிரஸ்ஸோட பெருமை. சிறுமைக்கு வருவோம்.

அமுக்கின பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே என்ன இருக்குன்னு வெளியே தெரியாது. மூட்டையில கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்கலாம். பேலுக்குள்ள கை போகாது. மேல ரெண்டு விரல்கடைக்கு நல்ல பஞ்சு, நடுவில மட்டம், கொட்டைத்தூள், போன வருசத்து மிச்சம்னு வெச்சு அமுக்கிட்டா லிவர்பூல்ல கம்பியை வெட்டுற வரைக்கும் யாருக்கும் தெரியப்போறதில்லை. வெட்டினப்புறம் யாரைப் பிடிக்கறது? இந்தியப் பஞ்சுன்னாலே கலப்படம்னு பேர் கெட்டது இப்படித்தான்.

இதுல இன்னொரு நுணுக்கம் தண்ணி. ஈரப் பஞ்சு சுலபமா அமுங்கும். இழை ஈரத்தைக் குடிச்சதும் விறைப்பு குறைஞ்சுடும், கம்பியும் அறுந்து தெறிக்காது. இன்னிக்கு நல்ல பேக்டரிகளிலேயும் பிரஸ்ஸுக்கு முன்னால பஞ்சுக்குக் கொஞ்சம் ஈரக்காத்து கொடுக்கிறாங்க. வாணிபத்துல ஒத்துக்கிட்ட அளவு, காஞ்ச பஞ்சு எடைக்கு 8.5 சதவீத ஈரம். ஆனா தண்ணிக்கும் எடை உண்டே! பிரஸ்ஸுக்காகத் தெளிக்கிறது எது, தராசுக்காகத் தெளிக்கிறது எதுன்னு யார் கண்டா? ஒரே வாளித் தண்ணிதான். பேலுக்குள்ள மாட்டிக்கிட்ட அதிக ஈரம் வெளியேறவும் வழியில்லை. உள்ளேயே புழுங்கி, பூஞ்சை பிடிச்சு, இழை நிறம் மாறி, பலம் போயிடும்.

சட்டம் வந்து சேர ரொம்ப நாளாச்சு. ஒரு வட்டாரத்துப் பஞ்சை இன்னொரு வட்டாரத்துக்குக் கொண்டுபோய்க் கலக்காம இருக்க 1923-ல் பருத்திப் போக்குவரத்துச் சட்டம். அப்புறம் 1925-ல் ஜின்னிங், பிரஸ்ஸிங் பேக்டரிச் சட்டம். இந்த ரெண்டாவது சட்டத்துல எனக்குப் பிடிச்சது ஒரு சின்ன விஷயம்தான். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு அடையாளக் குறி, ஒவ்வொரு பேல் மேலயும் அந்தக் குறியும் வரிசை எண்ணும். அவ்வளவுதான். பேலுக்குள்ள பார்க்க முடியாது, சரி. ஆனா அமுக்கினது யாருன்னு பார்க்கலாமே! மான்செஸ்டர்ல பிரிச்சு உள்ளே மண்ணு இருந்தா, இன்ன ஊர், இன்ன பேக்டரின்னு திரும்பி வரலாம். 1932-ல் சென்னை மாகாணம் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒண்ணு போட்டு, 'புளிச்சை'ன்னு சொல்ற மட்டப் பருத்தியைப் பயிர் பண்றதுக்கும் கலக்கறதுக்கும் கிடுக்கிப்பிடி போட்டது.

இதுல அடி வாங்கினது யாருன்னு கேட்டா, விவசாயிதான். வாங்குறவன் உள்ளே பார்க்க முடியாதபோது எல்லாத்துக்கும் சேர்த்துக் குறைச்சுத்தான் விலை போடுவான். கெட்டதுன்னே வெச்சு விலை போட்டுட்டா, நல்லதை விளைவிச்சவனுக்கும் அதே விலைதான். சுத்தமாப் பொறுக்கி, காயவெச்சுக் கொண்டுவந்த குப்பாயிக்கும், குப்பையோட அள்ளிக்கிட்டு வந்த சுப்பனுக்கும் ஒரே ரேட்டுன்னா அடுத்த வருசம் குப்பாயி எதுக்கு மெனக்கெடணும்?

இன்னிக்குத் தமிழ்நாட்டு மில்லுக்கு வேண்டிய பஞ்சுல சின்னப் பங்குதான் இங்கே விளையுது. மீதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானான்னு லாரியில பேலா வருது. 2000-ல் மத்திய அரசு ஆரம்பிச்ச பருத்தித் தொழில்நுட்ப இயக்கத்துக்கு அப்புறம் ஜின்னிங் பேக்டரியெல்லாம் எவ்வளவோ மாறியிருக்கு. ஆனாலும் கம்பியை வெட்டினா சாக்கு நார், பிளாஸ்டிக் சரடு, தலைமுடி, துணித்துண்டு, சில சமயம் மிட்டாய்க் காகிதம் கூட வரும். துணியாகிச் சாயம் போடும்போதுதான் அந்தப் பிளாஸ்டிக் இழை வெள்ளையாப் பல்லை இளிக்கும். அதனால நம்ம மில்கள்ல பொம்பளைங்க வரிசையா உக்காந்து பஞ்சைப் பிரிச்சுப் பிரிச்சுக் கையால பொறுக்குவாங்க. இப்ப கேமரா வெச்ச மெஷின் வந்திருக்கு, ஆனாலும் கை வேலை முழுசாப் போயிடலை. எங்கேயோ அமுக்கி மறைச்சதை, இங்கே ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியிருக்கு.

பேலைப் பிரிச்சதும் உடனே மெஷின்ல போடமாட்டாங்க. கம்பியை வெட்டிட்டு ஒரு நாள் அப்படியே விட்டுடுவாங்க. வெட்டினதும் 'பொம்'முனு கொஞ்சம் உப்பும், அப்புறம் மணிக்கணக்குல மெல்ல மெல்ல எழும்பும். பழைய உசரத்துக்குத் தானா வரவே வராது. உள்ளே இழைங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி, புதுசா ஒரு பூட்டுப் போட்டுக்கிட்டிருக்கும். உராய்வு அதைப் பிடிச்சு வெச்சுக்கும். அந்தப் பூட்டைத் திறக்கறதுதான் மில்லோட முதல் டிபார்ட்மென்ட் முழுக்க நடக்கிற வேலை. ப்ளோ ரூம்னு பேர். முள்ளு உருளையில அடிச்சு, காத்துல ஊதி, பிரஸ் வெளியே தள்ளின காத்தையெல்லாம் திரும்ப உள்ளே விடுவாங்க!

பஞ்சு குடோன்ல தீன்னா மில்காரங்க நடுங்குறதுக்கும் இந்தக் காத்துதான் காரணம். உதிரிப் பஞ்சு நெருப்புப் பட்டதும் குபீர்னு போயிடும். இறுக்கின பேல் அப்படி எரியாது, உள்ளே காத்துப் போக வழி கம்மி. மேலாக் கருகி, அணைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா உள்ளே கங்கு நாள்கணக்குல கிடக்கும். தண்ணி அடிச்சாச்சுன்னு நம்பிக் கதவைச் சாத்தக் கூடாது.

1925-ல் பேல் மேல மையில அடிச்ச அந்தக் குறி இப்போ க்யூஆர் கோடு ஆயிடுச்சு. இந்தியப் பருத்திக் கழகம் வாங்கி அமுக்குற பேல்ல ஒட்டியிருக்கு. 2020-ல் 'கஸ்தூரி காட்டன்'னு பேர் வெச்ச நம்ம நாட்டு முத்திரைப் பஞ்சுக்கும் அதேதான். போனைக் காட்டினா எந்த பேக்டரி, எந்தத் தேதி, இழை நீளம் எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு வந்துடும். எந்தக் காட்டுப் பருத்தின்னு மட்டும் வராது. ஒரு பேலுக்குள்ள ஏழெட்டு விவசாயியோட பருத்தி சேர்ந்து அமுங்கியிருக்குமே.